பதினைந்து நாள் என்று சொன்னவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு முறை பாதி வரைக்கும் எழுதிக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒரு முறை என் மனைவி, "என்ன எழுதுதிய?" என்று கேட்டபோது, பிரசங்கக் குறிப்பு என்று பொய் சொன்னேன். எனக்குப் பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதற்குப் பிறகு கையில் இருந்தது ஸ்டியரிங்தான். சௌதியில் பதினெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். காலையும் மாலையும் வேதம் வாசிக்கிறவன், ஞாயிறு ஆராதனை தவறாதவன். இப்படிப்பட்ட ஆளா இதைச் செய்தான் என்று படிக்கிறவர்கள் கேட்பார்களே என்ற பயம் இத்தனை நாள் கையைப் பிடித்து வைத்திருந்தது. பயம் இப்போதும் போகவில்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரைப் பேச்சில் இழுத்து நான் செய்தது போதும். அந்த நாட்களில் 'அவள்' என்றுதான் சொன்னேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதை என்று எனக்கே தெரியும்.

எங்கள் பக்கத்து அருமனை சந்திப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரப்பர் ஷீட் விலைக்கு எடுக்கிற கடைக்குப் பக்கத்து அறையில் அவர் லேப்டாப் பழுது பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். கோயம்புத்தூரில் லேப்டாப் போர்டு வேலை படித்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். கடைக்குள் போனால் ஷீட்டின் புளித்த நாற்றமும் ஈயம் உருகுகிற வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். மேசையில் பூதக்கண்ணாடி வைத்த ஒரு விளக்கு. எதிரே ஒரு நாற்காலி, கொண்டு வந்தவர் உட்கார.

அந்த நாற்காலியில் ஆள் இல்லாமல் அவர் எந்த மெஷினையும் திறந்ததில்லை. "வச்சிட்டுப் போறேன் பிள்ளே, சாயங்காலம் வாறேன்" என்றால், "அப்பம் சாயங்காலமே கொண்டு வாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். முதலில் காற்று வெளியே வருகிற ஓட்டையில் உள்ளங்கையை வைப்பார். பிறகு குனிந்து, காதை அதன் மேல் வைத்துக் கேட்பார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் நிமிர்ந்து ஒரு வார்த்தை. சரியாகும் என்றால் சரியாகும். ஆகாது என்றால், "ஒக்காது." முடியாது என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அவர் வாயிலிருந்து அது வருகிற வேகத்துக்கு வேறு யார் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை.

வேறு கடையில் எல்லாம் "பாக்கலாம்" என்பார்கள். "நாளைக்கு வாருங்க" என்பார்கள். நாமும் ஒரு நம்பிக்கையோடு வீட்டுக்கு வருவோம். இவரிடம் அது கிடையாது. இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டால் நாளையும் சொல்லிவிடுவார். ஒருவர் கோபித்துக்கொண்டு, "ஒரு நல்ல வாக்கு பறயப்பிடாதா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஆறுதல் மனுசனுக்காக்கும் அண்ணே. மெஷினுக்குப் பறஞ்சா அது கேக்காது."

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. அவருடைய லேப்டாப்பை இவர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் சார். டிஸ்க்குக்குள்ள தட்டுது. இண்ணைக்கே போட்டோவ எல்லாம் வேற எதுலயாவது மாத்திக்கிடுங்க" என்றிருக்கிறார்.

சாருக்குச் சுருக்கென்றிருக்கிறது. "எனக்க மகளுக்க கல்யாண போட்டோ கெடக்கப்பட்ட பெட்டியாக்கும். அதப் பாத்து ஒரு வாரம்னு பறயதா?"

"கல்யாணத்தப் பறயல்ல சார். டிஸ்க்கப் பறஞ்சேன்."

சார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போட்டோவை மாற்றவில்லை. ஆறாம் நாள் அது திறக்கவே இல்லை. மகளின் கல்யாணம் மொத்தமும் அதற்குள்ளே போயிற்று. சார் எல்லோரிடமும் சொன்னது, "அவ வாய வச்சா, போச்சு" என்று.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கரிநாக்கு என்று ஒரு பயம் உண்டு. சிலர் எதையாவது பார்த்து ஒன்று சொன்னால் அப்படியே நடந்துவிடுமாம். குலை தள்ளிய வாழையைப் பார்த்து ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுப் போக, மறுநாள் காற்றில் அது சாய்ந்தால் யாரும் காற்றைக் குற்றம் சொல்வதில்லை. நாங்கள் விசுவாசிகள், இதையெல்லாம் நம்புவதில்லை என்று சபையில் சொல்வோம். வாழைத் தோட்டத்தில் வேறு மாதிரி நினைப்போம்.

இனி என் கதை. வண்டியிலிருந்து சரக்கு இறக்கும்போது மேலிருந்து விழுந்து என் இடுப்பு எலும்பு உடைந்தது. அங்கேயே ஸ்டீல் வைத்து, கையில் ஒரு கம்பையும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வருகையில் நாங்கள் தங்கிய கேம்பில் இருந்த ஒரு இஞ்சினியர் தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். அதில் லாரி ஓட்டுகிற ஒரு விளையாட்டு இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு ஸ்டியரிங்கைத் திருகி வைத்து ஓட்டுவேன். ஐம்பத்திரண்டு வயதில் விளையாட்டா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் மனைவியும் சிரித்தாள். "சோறு வைக்கதுக்கு எடமில்ல, ஒங்க லாரிய கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்க" என்பாள். ஆனால் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நேரம் மட்டும்தான் நான் யாருக்கும் பாரம் இல்லாத ஆள்.

அப்போது கேம்பிலிருந்த கூட்டாளி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அந்த விளையாட்டுக்குப் புதிதாக ஒரு பாதை வந்திருந்தது. நான் பதினெட்டு வருடம் ஓட்டிய அதே பாலைவன ரோடு. அந்த வளைவு, ஒட்டகப் படம் போட்ட அந்த எச்சரிக்கைப் பலகை எல்லாம் அப்படியே இருந்தது. என் லேப்டாப்பில் அதைப் போட்டேன். வண்டி ஒரு அடி நகரும், நிற்கும். படம் படமாக வெட்டி வெட்டி வந்தது. கிராபிக்ஸ் கார்டு பத்தாது, பெரியது மாற்றினால் ஓடும் என்று கூட்டாளி சொன்னான்.

அவர் கடைக்குப் போனேன்.

"பிள்ளே, இதுல கிராபிக்ஸ் கார்ட மாத்தி வேற பெருசு ஒண்ணு வச்சுத் தரணும்."

"எதுக்கு அண்ணே?"

"வெளையாட."

அவர் சிரிக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை வைத்தார், காது வைத்தார், பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினார். விளக்கை என் பக்கமாகத் திருப்பி, "இஞ்ச பாருங்க" என்றார். பச்சைப் பலகையில் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று. "பெரிய கம்ப்யூட்டர்லயாக்கும் கார்டு தனியா இருக்கப்பட்டது. புடுங்கலாம், வேற வைக்கலாம். லேப்டாப்புல அத போர்டோட ஈயம் வச்சு ஒட்டிருக்கு. இது பல்லு இல்ல அண்ணே, எலும்பு. ஒக்காது."

"எனக்க இடுப்பு எலும்பயே எடுத்துட்டு ஸ்டீலு வச்சானுவளே பிள்ளே?"

அப்போது சிரித்தார். "அது ஆஸ்பத்திரி. இது அருமனை." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சில கடைகள்ல மாத்தித் தாறேன்னு பறவானுவ. மாத்த மாட்டானுவ. இதே சிப்புல சூடு காத்த அடிச்சு, பெரிய கார்டுக்க பேரு ஸ்கிரீன்ல தெரியது மாதிரி செய்து, ஓடதுக்கு மேல ஓட விடுவானுவ. நல்லா ஓடும். பதினஞ்சு நாளு. அதுக்குப் பொறவு போர்டோட போவும். ஆரு கையிலயும் குடுத்திராதிய."

"அப்பம் எனக்கு வழியே இல்லியா?"

"உண்டு. தூசி எடுத்து, மெமரி கூட்டித் தாறேன். படத்தச் சின்னதா வச்சு ஓட்டுங்க. மணலு கொஞ்சம் மங்கலாத் தெரியும். ரோடு ஓடும்."

நான் வேண்டாம் என்றேன். எனக்கு மணல் மணலாகத் தெரிய வேண்டும். கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தபோது மனதில் ஒரு கசப்பு. ஊனப்பட்டவனிடம் ஒரு நல்ல சொல் சொல்லக்கூடாதா என்று.

மறுநாளே டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குப் போனேன். வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் போனேன். "அந்தப் பெண்ணு தெளிவாட்டு பறஞ்சுட்டுல்லா? பின்ன எதுக்குப் போறிய?" என்று மனைவி வாசல் வரைக்கும் வந்து கேட்டாள். டவுன் கடைக்காரர் நாற்காலி போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, "ஒக்காதுன்னு எவன் பறஞ்சான் அண்ணே? இப்ப ஒக்காததுன்னு ஒண்ணு உண்டா? வச்சிட்டுப் போங்க" என்றார். மூன்றாம் நாள் கொடுத்தார். திரையில் பெரிய கார்டின் பெயர் இருந்தது.

ஓடியது. கர்த்தர் அறிய, ஓடியது. கறுத்த தார் ரோடு, ஓரத்தில் காற்று கொண்டு வந்து போட்ட மணல், மத்தியான வெயிலில் தூரத்தில் தண்ணீர் போல நெளிகிற கானல். என் கை தானாகவே கியர் மாற்றியது. மனைவி சோற்றுக் கரண்டியோடு வந்து என் பின்னால் நின்றாள். அரைமணி நேரம் நின்றிருப்பாள். "இந்தத் தொலைக்கும் ஒரு மரம் இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இதுலயா பதினெட்டு வருசம் கெடந்திய?" என்று என் தோளில் கை வைத்தாள். நான் எங்கே இருந்தேன் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். நான் எத்தனையோ கடிதம் எழுதியும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது அது.

பதின்மூன்றாம் நாள் திரையில் வண்ண வண்ணமாகக் கோடு விழுந்தது. கருகுகிற வாசனை வந்தது. அணைந்துவிட்டது. டவுன் கடையில், "நாங்க தரும்போ ஓடிச்சுல்லா?" என்று ஒரு வார்த்தையில் கதவை மூடிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் வீட்டில் ஜெபக்கூட்டம். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும், ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன். வேதபாடம் கேட்பதற்காக வைத்திருந்த லேப்டாப் என்று ஆரம்பித்தேன். அது முதல் பொய். பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் அந்தப் பெண் கை வைத்து, பதினைந்து நாள் என்று சொன்னாள், சரியாகப் பதினைந்தாம் நாள் போயிற்று என்றேன். பதின்மூன்றைப் பதினைந்தாக்கியது நான்தான். அப்படிச் சொன்னால்தான் பொருந்தியது. டவுன் கடையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏமாந்தவன் என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கம். டவுனுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன என் மனைவி பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள், அதுவும் வெட்கம்.

சார் உடனே, "எனக்கும் இதே அனுபவம் உண்டு" என்றார். பின்னால் யாரோ ஒரு அம்மா மெதுவாக, "கரிநாக்கு" என்றார். கூட்டம் நடத்துகிறவர், "நம்ம அப்படிப் பறயப்பிடாது. பிசாசு போட்ட நாவின் கட்டுன்னு பறயணும்" என்று திருத்தினார். பிறகு எல்லோரும் கண்ணை மூடி, அந்த நாவின் கட்டை அறுக்கும்படி ஜெபித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகு, "அது ஒரு பெம்பளைக்க பொழப்பாக்கும்" என்றாள். "நான் அவளுக்க பேரப் பறயல்லியே" என்றேன். "அருமனையில லேப்டாப் நன்னாக்குத பெண்ணு எத்தர உண்டு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு மாதம் இருக்கும். மேல்புறம் என்ற ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே ரப்பர் பால் வெட்டுகிற ஆள் ஒருவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அருமனையில ஒருத்தி உண்டு, கேட்டியளா? வாயத் தொறந்தா தீந்துது. சௌதியில நிண்ணு வந்த ஒருத்தன், நல்ல ஒறப்புள்ள ஆளு, அவளுக்க கடைக்குப் போனான். அவ அவனுக்க இடுப்பப் பாத்து 'பதினஞ்சு நாளு'ன்னா. பதினஞ்சாம் நாளு குளிக்கப் போனவன் வழுக்கி விழுந்தான். இடுப்பு ரெண்டு துண்டு."

"ஓய், நீரு கண்டீரா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நான் காணல்ல. கண்டவனுக்க மச்சினன் பறஞ்சதாக்கும்." பிறகு அவர் என் கம்பைப் பார்த்தார். "அண்ணனுக்கு எங்ஙன?"

"வண்டியில நிண்ணு விழுந்தேன்."

"பாத்தியளா! இவியளுக்கு வண்டி. அவனுக்கு வாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்ன ஆள் நான்தான், விழுந்தது அந்தப் பெண்ணை நான் பார்ப்பதற்கு வெகு முன்பே என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் சாயாவைக் குடித்து முடித்தேன். இதுவரை செய்ததெல்லாம் ஒரு வெட்கத்தில் செய்தது என்று கர்த்தரிடம் சாக்குச் சொல்லலாம். அந்தச் சாயாவுக்கு என்னிடம் சாக்கு இல்லை.

அதன் பிறகு அந்த லேப்டாப் கடையில் எதிர் நாற்காலி காலியாகவே கிடந்தது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். விளக்கு எரியும், மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு ஞானஸ்நான விருந்துக்குப் போனபோது, குழந்தையை அவர் கண்ணில் படாமல் உள் அறைக்குக் கொண்டு போனார்களாம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் லேப்டாப்பை வேறு கடைகளில் தூக்கிப் போடச் சொன்னபோது, இவர்தான், "இன்னும் ஆறு வருசம் ஓடும்" என்று சொல்லி ஓட வைத்திருந்தார். அது இன்றைக்கும் ஓடுகிறது. அதை யாரும் நாக்கின் பலன் என்று சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அவரே என் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்து வைத்தார். "அந்த லேப்டாப்ப ஒண்ணு பாக்கலாமா அண்ணே?" என்றார். மனைவி எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையிலேயே திறந்தார். பைக்குள்ளிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார். கறுப்புச் சிப்பைச் சுற்றிலும் பலகை பழுப்பாகத் தீய்ந்து பொள்ளியிருந்தது.

"சூடு வச்சது. எங்க கொண்டு போனிய?"

மனைவி, "டவுனுக்கு" என்றாள்.

அவர் டார்ச்சை அணைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை. "ஒண்ணும் வேண்டாம் அண்ணே. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல எந்திச்சு, டவுன் கடையில கொண்டு போனேன், அதுக்குப் பொறவாக்கும் போச்சுன்னு ஒரே ஒரு வார்த்த பறஞ்சா போரும். கடை பூட்டாம இருக்கும். அம்மைக்கு மருந்து உண்டு."

நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "ஜெபிச்சிட்டுப் பறயதேன் பிள்ளே" என்றேன்.

"நடந்தத பறயதுக்கு ஜெபிக்க என்ன இருக்கு?"

நான் மேசையைப் பார்த்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெஷினைப் பார்க்கிற அதே பார்வை. "நீங்க பறய மாட்டிய அண்ணே" என்றார். திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. அந்த வெள்ளியும் சொல்லவில்லை, அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. அவர் சொன்னபடியே ஆயிற்று என்று இதற்கும் பேர் வைப்பீர்களா? அவர் சொன்னதால் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குத் தெரிந்தது, சொன்னார். சாருடைய டிஸ்க்கிலும் என் போர்டிலும் அவர் செய்தது அவ்வளவுதான். இது எனக்குப் புரிந்தபோது கடை பூட்டியிருந்தது. அந்த அறையிலும் ரப்பர் ஷீட்டை அடுக்கிவிட்டார்கள்.

அடுத்த வருடம், மனைவி தினமும் முகத்தைத் திருப்பித் திருப்பி, கடைசியில் நான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அம்மா மட்டும் கட்டிலில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து கஞ்சி கொடுக்கிறாள். மகள் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் கடையில், ஆட்களைப் பார்க்க வேண்டாத பின் அறையில் வேலை செய்கிறார், சனிக்கிழமை வந்து போவார் என்றார் அந்த அம்மா. நான் யார் என்று கேட்டார். லேப்டாப் கொடுத்தவன் என்றேன்.

"இப்பம் அவ ஆருக்க மெஷினுக்கும் நாளு பறயதில்ல," என்றார். "அங்க ஆராவது கேட்டாலும் 'பாக்கலாம்'னு மட்டும் எழுதிக் குடுப்பாளாம். எனக்கிட்டயும் அப்படித்தான். டாக்டரு அவகிட்டதான் எல்லாம் பறஞ்சாரு. எனக்கு நன்னாவுமா மோளேன்னு கேட்டா, வாயப் பொத்திக்கிட்டு வெளிய போறா. அவளுக்கே பயம் ஆயிப்போச்சு, கேட்டியளா? நன்னாவாதுன்னு வாயில வந்துட்டா, அதுனால எனக்கு ஏதாவது ஆயிருமோன்னு."

நான் எழுந்து வந்துவிட்டேன். என் பெயரைச் சொல்லாமலே வந்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. மூன்றாம் வாரம் அந்த அம்மா இறந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசி வரைக்கும் மகள் வாயால் ஒரு பதில் அந்த அம்மாவுக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அடக்கத்துக்குப் பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் இந்தப் பக்கம் வரவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டைச் சொன்னேன். டவுன் கடையைச் சொன்னேன். பதின்மூன்றாம் நாளைச் சொன்னேன். அழுதேன். எல்லோரும் கேட்டார்கள். நான் உட்கார்ந்தேன். அப்புறம் சார் பெருமூச்சு விட்டு, "பாருங்க, இத்தர நாளு ஆயும் அவளுக்க நாக்கு இவர விடல்ல. மனசப் போட்டு என்ன பாடு படுத்துது!" என்றார். நான்கு பேர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்கள். என்னைப் பிடித்திருக்கிற அந்தக் கட்டு அறுபட வேண்டும் என்று ஜெபித்தார்கள். கைகளின் கனத்தில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. மனைவி எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அன்றைக்கு நான் சொன்னதும் ஊருக்குள் இன்னொரு கதையாகத்தான் போயிருக்கும். அதை யார் எங்கே எந்தச் சாயாக்கடையில் எப்படிச் சொல்லுகிறார்களோ.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாராவது உங்களிடம் அருமனைப் பக்கத்துக் கரிநாக்குப் பெண் என்று ஆரம்பித்தால், நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், அவர் மேல் இரக்கப்பட்டு எதையும் கூட்டவும் வேண்டாம். சூடு வைத்தது டவுன் கடை. கொண்டு போனது நான், கம்பு ஊன்றி நடக்கிற பழைய டிரெய்லர் டிரைவர். கேட்டால் ஊரில் ஆள் காட்டுவார்கள். போனது பதின்மூன்றாம் நாள். பதினைந்து என்று சொன்னது என் பொய். என் இடுப்பு உடைந்தபோது அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. அவர் வேண்டாம் என்று சொன்னார், ஏன் வேண்டாம் என்றும் விளக்கு வைத்துக் காட்டினார். பிறகு ஒரு வார்த்தை கேட்டு என் வீட்டுக்கு வந்தார், நான் கொடுக்கவில்லை.

இதுதான் நடந்தது. இப்படியே சொல்லுங்கள்.